குற்றவாளி இல்லாமல் பிரிய முடியாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில் ஓர் அன்பர், விவாகரத்துச் சட்டத்தை இலகுவாக்கக் கூடாது, இலகுவாக்கினால் நம் குடும்பங்கள் சிதறிவிடும் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் ஆத்திரம் இல்லை, கவலைதான் இருந்தது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆத்திரத்துக்குப் பதில் எழுதும் வயதை நான் கடந்துவிட்டேன்.

நான் சட்டத்தரணி அல்லன். 1981இல் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்து 2016இல் ஓய்வு பெற்றவன். அந்த முப்பத்தைந்து வருடங்களில் பெரும்பகுதி கொழும்பில் கழிந்தது. சட்டம் பேசும்போது பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்வதும், தமிழர் அழும்போது அதைச் சிங்களத்தில் சொல்வதும் என் தொழில். கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டும் என்பது நாங்கள் செய்யும் சத்தியம். பொய் சொல்லப்பட்டாலும் கூட்டாமல் குறைக்காமல்தான். விவாகரத்து வழக்குகளில் நான் அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்த பொய்களுக்குக் கணக்கில்லை. சொன்னவர்கள் பலர் நல்ல மனிதர்கள். வேறு வழியில்லாததால் சொன்னார்கள்.

அன்பருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நம் நாட்டில் பொதுச் சட்டத்தின் கீழ் மணம் முடித்தவர்களுக்கு விவாகரத்து இப்போதும் இலகுவானதல்ல. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே மூன்று காரணங்களைத்தான் தருகிறது. மணம் முடித்தபின் இன்னொருவரோடு கொண்ட தகாத உறவு ஒன்று. வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல் இன்னொன்று. மணம் முடித்த நாளிலேயே இருந்த, தீர்க்க முடியாத தாம்பத்திய இயலாமை மூன்றாவது. அவ்வளவுதான். 'எங்களுக்கு ஒத்துவரவில்லை, இருவரும் பிரிய விரும்புகிறோம்' என்று கணவனும் மனைவியும் கைகோத்து வந்து சொன்னாலும் நீதிமன்றம் அதை ஏற்க முடியாது. ஏற்க முடியாதது மட்டுமல்ல, இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அதுவே வழக்கைத் தள்ளுவதற்குக் காரணம் ஆகும். ஒருவர் குற்றவாளியாக வேண்டும். மற்றவர் அதை நிரூபிக்க வேண்டும்.

முதல் காரணத்தைக் காட்டினால் அந்த மூன்றாம் ஆளையும் பெயர் சொல்லி வழக்கில் சேர்க்கவேண்டும். மூன்றாவதை நம்மவர்கள் வாயில் எடுப்பதே இல்லை. எனவே எல்லோரும் வந்து முட்டுவது நடுவில் உள்ள வாசலில். சிங்களத்தில் அதை 'துவேஷ சஹகத' கைவிடல் என்பார்கள். துவேஷம் நமக்கும் தெரிந்த சொல்தான். அதனால் வந்த ஒரு சங்கடத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. முகத்துவாரம் பக்கத்து அம்மா ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றார். கணவர் போய்ப் பதினோரு வருடம். 'உங்கள் கணவர் துவேஷத்தோடு உங்களைக் கைவிட்டுப் போனாரா?' என்று கேள்வியைத் தமிழில் வைத்தேன். அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். 'துவேஷமா? அவருக்கு என்னில் துவேஷம் ஒன்றும் இல்லை ஐயா. ஆடி அமாவாசைக்குக்கூட வந்து காசு தந்துவிட்டுத்தான் போனார். வேறு ஒருத்தியில் பிரியம் வந்துவிட்டது, அவ்வளவுதான்' என்றார். அவருடைய சட்டத்தரணி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அன்று வழக்கு முடியவில்லை. அடுத்த தவணைக்கு வந்தபோது அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. 'ஓம், துவேஷம்தான்' என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடி வாங்குகிறவளின் கதை இன்னும் விசித்திரம். கொடுமை என்பது தனியான ஒரு காரணமாகச் சட்டத்தில் இல்லை. அவள் உயிருக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிவந்திருப்பாள். ஆனால் அவளை ஓடச் செய்தவனே கைவிட்டவன் என்று சுற்றி வளைத்து வாதாடவேண்டும். வீட்டுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறவன் 'கைவிட்டுச் சென்றவன்', பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவள் 'கைவிடப்பட்டவள்' என்பதைச் சாதாரணத் தமிழில் ஒரு தாய்க்கு விளங்கப்படுத்திப் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடைச் சட்டம் வந்தபின் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம், அதுவும் அதிகபட்சம் பன்னிரண்டு மாதங்களுக்கு. நல்ல சட்டம். ஆனால் அது அடியை நிறுத்தப் பார்க்கும், முடிச்சை அவிழ்க்காது.

இதெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கதையாக இருந்தவரை நானும் அன்பரைப் போலவே தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தேன். 2019இல் என் மகள் ஆறு பைகளோடும் நாலு வயது மகனோடும் கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மருமகனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கோண்டாவில் பிள்ளை. கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை. குடி இல்லை, கைநீட்டல் இல்லை. என் மகளிலும் பெரிய பிழை இல்லை, ஆனால் அப்பன் சொல்வதை யார் நம்பப்போகிறார்கள். ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்து, கடைசி ஒன்றரை வருடம் ஒருவரோடு ஒருவர் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியில் மட்டும் பேசினார்கள். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருந்துகொண்டு 'சோறு முடிந்துவிட்டது' என்று எழுதி அனுப்புவார்களாம். இரண்டு பக்கப் பெரியவர்களும் கூடிப் பேசினோம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் வைத்துக்கூடப் பேசினோம். சரிவரவில்லை. இருவரும் பிரியலாம் என்று சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை தாயோடு இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறையிலும் தகப்பனோடு இருக்கட்டும், பாடசாலைச் செலவு பாதிப் பாதி. ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வைத்தார்கள். நான் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பதினொரு வரி. அதை விடத் தெளிவான ஒரு ஆவணத்தை நீதிமன்றத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தத் தாளோடு சட்டத்தரணியிடம் போனோம். 'அவர் ஒரு பிழையும் செய்யவில்லை, எங்களுக்குச் சேர்ந்து வாழ முடியவில்லை' என்று மகள் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'பிள்ளை, அப்படி எழுதினால் வழக்கே இல்லை' என்றார். அது எனக்குத் தெரியாததா? ஆனாலும் நாற்காலியின் இந்தப் பக்கத்தில் இருந்து கேட்டபோது புதிதாகக் கேட்பது போலவே இருந்தது.

அப்படித்தான் என் மகளின் வழக்கீடு பதினெட்டுப் பந்திகளாக வளர்ந்தது. ஒன்பதாவது பந்தியில், பிள்ளை டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது எதிராளி வைத்தியசாலைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று இருந்தது. ஒத்துக்கொண்டபடி பேசாமல் இருப்பதாகச் சொல்லியிருந்த மருமகன், அந்தப் பந்தியை வாசித்தபின் பேசாமல் இருக்கவில்லை. யார்தான் இருப்பார்? அவருடைய மறுமொழி மூன்று மாதத்தில் வந்தது. குற்றவாளி நானல்ல, அவள்தான் என்று எதிர்க்கோரிக்கையும் சேர்ந்து வந்தது. பிள்ளைக்கு டெங்கு வந்ததே தாயின் அலட்சியத்தால்தான் என்று அதில் ஒரு பந்தி.

ஆசிரியர் அவர்களே, அந்த நாட்களில் நான் அங்கே இருந்தேன். 2017ஆம் ஆண்டு கொழும்பில் டெங்கு எப்படி ஆடியது என்பது உங்கள் வாசகர்களுக்கு மறந்திருக்காது. பேரனுக்கு அப்போது இரண்டு வயது. வார்டில் கட்டில் இல்லை, ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள். மகள் பகலில், மருமகன் இரவில். இடையில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, மாறிமாறி வெளி விறாந்தையில் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையை மருமகன் ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிவந்தார். அவர் புகைப்பவர் அல்லர், அட்டை யாரோ போட்டுவிட்டுப் போனது. நான் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோனேன். நாலாம் நாள் விடியற்காலை எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. அவர் அந்த அட்டையை மகளிடம் நீட்டினார், அவள் வாங்கிப் பார்த்துவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு பேரும் வாழ்ந்த ஏழு வருடத்தில் ஒன்றாய்ச் சேர்ந்து செய்த ஆகச் சிறந்த காரியம் அந்த நாலு நாட்கள்தான். இன்று வழக்குக் கோப்பில் இரண்டு இடத்தில் அது பொய்யாகப் பதிந்திருக்கிறது. ஒன்று என் மகளின் கையொப்பத்தோடு, இன்னொன்று மருமகனின் கையொப்பத்தோடு.

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பது நம் பழமொழி. நம் சட்டம் குற்றம் பார்க்காவிட்டால் விடுதலை இல்லை என்கிறது. குடும்பங்கள் சிதறும் என்று அன்பர் பயப்படுகிறார். பிரிந்த பிறகும் ஒரு பிள்ளைக்குத் தாய் தகப்பனாக மரியாதையோடு இருந்திருக்கக்கூடிய இருவரை எதிரிகளாக்கி அனுப்புவதும் சிதறல்தானே?

இனி, 'இது நம் பண்பாடு' என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'வன்மத்துடன் கைவிடல்' தமிழர் பண்பாட்டில் முளைத்தது அல்ல, ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன்-டச்சுச் சட்டத்தின் சரக்கு. நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயர்தான். ஒல்லாந்தர் 1796இல் கொழும்பை விட்டுப் போனார்கள். தங்கள் நாட்டில் 1971இலேயே குற்றம் தேடும் விவாகரத்தைக் கைவிட்டார்கள். தென்னாபிரிக்காவும் இதே சட்டத்தைச் சுமந்த நாடுதான், அங்கே 1979இல் மாற்றினார்கள். இந்தியாவில் இந்துக்களுக்கு 1976 முதல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து உண்டு. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் யாரும் யாரையும் குற்றம் சாட்டத் தேவையில்லை. இலண்டனில் உள்ள என் தங்கையின் மகன் ஏழெட்டு மாதத்தில் பிரிந்துகொண்டான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு இருவரும் சேர்ந்து கேக் வெட்டிய படத்தை எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டிருந்தான். என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

வெளிநாடு எதற்கு, நம் நாட்டையே எடுங்கள். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டி விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணம் முடித்த கண்டிச் சிங்களத் தம்பதியர் பரஸ்பர சம்மதத்தில் பிரியலாம். சேர்ந்து மகிழ்ச்சியாக வாழ முடியவில்லை என்றும் கேட்கலாம், ஒரு வருடம் தனித்தனியே இருந்திருப்பதே அதற்கு அளவுகோல். அதற்கு நீதிமன்றத்துக்குக்கூடப் போகவேண்டியதில்லை, மாவட்டப் பதிவாளர் விசாரித்து முடிப்பார். எழுபது வருடத்துக்கு மேலாக இது நடக்கிறது. கண்டிக் குடும்பங்கள் இதனால் சிதறி அழிந்துபோனதாக நான் கேள்விப்படவில்லை. ஒரே நாட்டில், ஒரே வருடத்தில், ஒரே மனக்கசப்பில் பிரிகிற இரண்டு சோடிகளில் ஒரு சோடி உண்மையைச் சொல்லலாம், மற்றச் சோடி பொய் சொல்லியே ஆகவேண்டும் என்பது என்ன நியாயம்?

நடுவில் ஒரு சின்ன வாசல் திறந்தது போலவும் இருந்தது. 1977இல் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, ஏழு வருடம் பிரிந்திருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்று ஓர் ஏற்பாடு வந்தது. அதையே தனிக் காரணமாகக் கொண்டு வழக்குப் போட்டவர்கள் உண்டு. 1986இல் உயர் நீதிமன்றம், பிரிந்திருந்தது மட்டும் போதாது, அந்தப் பழைய மூன்று காரணங்களில் ஒன்றை நிரூபிக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வாசல் மூடியது. அந்தத் தீர்ப்பு வந்த காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம். 'இனி உங்களுக்கு வேலை அதிகம்' என்று ஒரு மூத்த சட்டத்தரணி சிரித்துக்கொண்டே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

யாழ்ப்பாணத்து வேர் உள்ளவர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அவர்களுடைய மரபுச் சட்டமான தேசவழமை கொழும்புக்கும் கூடவே வரும். மருமகன் தேசவழமைக்கு உட்பட்டவர் என்பதால் என் மகளும் உட்பட்டவள். அவளுக்கு நாங்கள் சீதனமாக எழுதிய நாலு பரப்புக் காணி சாவகச்சேரியில் இருக்கிறது. அவள் பெயரில், அவளுடைய சொத்து. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி அசையாத சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். விவாகரத்து முற்றாகும்வரை அவர் கணவர்தானே? பேரனைத் தூர இடத்திலிருந்து பாடசாலைக்கு இழுத்தடிக்காமல் பக்கத்தில் ஒரு சிறு வீடு எடுக்கலாம் என்று காணியை விற்கப் பார்த்தாள். கையொப்பம் வரவில்லை. 'எதிர்க்கோரிக்கையைப் பற்றிப் பேசி முடித்தபின் பார்ப்போம்' என்று அவர் பக்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சம்மதத்தைக் கணவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறதுதான். கேட்கலாம். அது இன்னொரு வழக்கு, இன்னொரு கோப்பு, இன்னொரு சட்டத்தரணிக் கட்டணம். கடவுச்சீட்டும் இப்படித்தான். சென்னையில் உறவில் ஒரு கலியாணம். பேரனுக்குக் கடவுச்சீட்டு எடுக்கத் தகப்பனின் சம்மதம் வேண்டும், அந்த நேரம் எதிர்க்கோரிக்கை சூடாக இருந்தது, கேட்க மகளுக்கு மனம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் போய்வந்தோம், அவளும் பிள்ளையும் வீட்டில் நின்றார்கள்.

தாபரிப்பு எனும் பராமரிப்புப் பணத்தைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் எனக்குத் தெரிந்த சட்டங்களில் மனிதத்தன்மை உள்ள ஒன்று. நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், யார் குற்றவாளி என்ற கேள்வி முதலில் வருவதில்லை, பிள்ளைக்கு என்ன தேவை, யாரிடம் என்ன வசதி என்பதுதான் கேள்வி. பதினெட்டு முடிந்து இருபத்தைந்துக்குள் உள்ள பிள்ளைகளும் கேட்கலாம், கட்டாவிட்டால் சிறைக்கும் அனுப்பலாம். என் மருமகனை யாரும் அனுப்பவேண்டியதில்லை. மாதம் தவறாமல் ஐந்தாம் திகதிக்குள் போட்டுவிடுவார். குற்றம் தேடாத இடத்தில் மனிதன் ஒழுங்காகத்தான் நடக்கிறான், பாருங்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டுக்காப்பு வழக்கு, பிள்ளை யாரிடம் இருப்பது என்று தீர்மானிப்பது. எட்டு வயதுப் பெண்பிள்ளை. தாய் தகப்பன் இருவரையும் வெளியில் நிறுத்திவிட்டு, நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர், சிங்களவர், பிள்ளைக்கு இனிப்பும் வைத்திருந்தார். பிள்ளைக்குத் தமிழ் மட்டும்தான். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழ் பேசுபவருக்கு உரைபெயர்ப்பு உரிமை, அதனால் நான் உள்ளே. 'யாரோடு இருக்க விருப்பம்?' என்பது கேள்வி. பிள்ளை இனிப்புத் தாளை மடித்து மடித்துச் சின்னச் சதுரமாக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, 'அம்மாவோடு. அப்பாவின் வீட்டில்' என்றாள்.

முப்பத்தைந்து வருடத்தில் நான் தடுமாறியது அந்த ஒரு முறைதான். சிங்களத்தில் சொல்வது கடினம் அல்ல, நாலே சொல். ஆனால் சொன்னால் நான் பிழையாகப் பெயர்த்துவிட்டேன் என்று நீதிபதி நினைப்பார். அப்படித்தான் நினைத்தார். 'முதலியார், திரும்பக் கேளுங்கள்' என்றார். உரைபெயர்ப்பாளரை நீதிமன்றத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். திரும்பக் கேட்டேன். பிள்ளை எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் உரத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார். அந்தப் பதிலை எழுதுவதற்கு எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை.

என் மகளின் வழக்கு இப்போது ஆறாவது வருடம். தவணை, தவணை, தவணை. நீதிபதி மாறினார், சட்டத்தரணி வரவில்லை, உரைபெயர்ப்பாளர் வேறு மன்றில், பெருந்தொற்றில் நீதிமன்றம் பூட்டு. எல்லாம் முடிந்து தீர்ப்பு வந்தாலும் அது முற்றுப்பெற இன்னும் மூன்று மாதம். பேரனுக்குப் பத்து வயது. ஞாயிறு காலை பத்து மணிக்கு, கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவான். தாயும் தகப்பனும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஆறு வருடத்துக்கு முன் கையொப்பம் வைத்த தாளில் உள்ள அதே ஞாயிறுதான் இது, வேறொன்றும் இல்லை. எதிர்க்கோரிக்கையால் வந்த ஒரே மாற்றம், இருவருக்கும் பேச்சு நின்றதுதான். பிள்ளையே செய்தி கொண்டுபோகிறான். 'அம்மா சொன்னா, சப்பாத்து சின்னனாகிவிட்டதாம்' என்று சொல்வானாம். என் தொழிலை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போன தவணையில் பிள்ளையையும் ஒருமுறை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து என்னைத்தான் சுற்றி வருகிறான். அங்கே என்ன கேட்பார்கள், நின்றுகொண்டா இருந்துகொண்டா பேசவேண்டும், பாடசாலைச் சீருடையா வேறு சட்டையா? 'அம்மப்பா, நீங்கள்தானே தமிழில் சொல்லித் தருவீர்கள்?' என்று கேட்டான். உறவினர் அந்த வேலையைச் செய்யக் கூடாது, வேறொருவர்தான் செய்வார் என்று விளங்கப்படுத்தினேன். 'அப்படியென்றால் அவர் நான் சொல்வதை மாற்றிச் சொல்லிவிட்டால்?' என்றான்.

சட்டத்தைத் திருத்துவது பற்றி அவ்வப்போது பேச்சு வருகிறது, போகிறது. திருத்துபவர்களிடம் என் கோரிக்கை பெரிதல்ல. கண்டிச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு வாசலையும் மற்றவர்களுக்கும் திறந்துவிடுங்கள், சம்மதம் ஒன்று, ஒரு வருடப் பிரிவு ஒன்று. இருவரும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டுவரும் தாளை முதலில் வாசியுங்கள், அதில் பிள்ளைக்குக் குறை இருந்தால் மட்டும் திருத்துங்கள். அடிதடியும் ஏமாற்றும் உள்ள இடத்தில் குற்றத்தை விசாரிக்கட்டும், அதை யார் வேண்டாம் என்றார்? பிள்ளையைக் கேட்கத்தான் வேண்டுமென்றால் ஒருமுறை கேளுங்கள், அதன் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு கேளுங்கள். யாரோடு என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் ஒரு தவணை நாளில் என்னோடு வரலாம், தேநீர் நான் வாங்கித் தருகிறேன்.

ஒரு வேண்டுகோள். இதைப் பிரசுரிப்பதானால் என் பெயரைப் போடவேண்டாம், தெருப் பெயரும் வேண்டாம். பேரன் உங்கள் பத்திரிகையில் சிறுவர் பக்கத்துக்காகக் காத்திருப்பவன். அதைத் தேடிக்கொண்டு முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டி வருவான், தலைப்புகளை உரத்து வாசிப்பான். முடியுமானால் இந்தக் கடிதத்தைச் சிறுவர் பக்கத்துக்குப் பின்னால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
கொழும்பு 13.